விமானி ஹெல்மெட்டுக்குள் கண்ணாடி: இரண்டு விரற்கடை இடத்தின் கதை

போன வைகாசியில் என் தங்கை மகள் விடுமுறைக்கு அம்பாசமுத்திரம் வந்தபோது ஹெல்மெட் பையையும் தோளில் மாட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஹெலிகாப்டர் ஓட்டுகிறாள், பெரும்பாலும் கடல்மேல் பறக்கும் வேலை. சாப்பிட்டு முடித்துத் திண்ணையில் உட்கார்ந்ததும், "மாமா, அரை மணி நேரம் பறந்தால் போதும், இந்த இடத்தில் ஆணி அடித்தது போல வலிக்கிறது" என்று காதுக்குச் சற்று மேலே, கன்னப்பொறியை ஒட்டித் தொட்டுக் காட்டினாள். முடியை ஒதுக்கிப் பார்த்தேன். கண்ணாடிக் கம்பி நாள்தோறும் அழுத்தி அழுத்தி, அந்த இடத்தில் தோல் ஒரு கோடாகக் கறுத்திருந்தது. மறுபக்கமும் அப்படியே.

"வலி இருக்கட்டும். உள்ளே சத்தம் எப்படி இருக்கிறது?" என்று கேட்டேன்.

"சத்தமெல்லாம் பழகிவிட்டது மாமா" என்றாள்.

அந்தப் பதிலைக் கேட்ட பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அவளுக்குச் செய்துகொடுத்ததையும் சொல்லிக்கொடுத்ததையும் அப்படியே இங்கே எழுதுகிறேன். கண்ணாடி போட்டுக்கொண்டு விமானிப் பயிற்சிக்குப் போகும் பிள்ளைகள் இன்று நம் பக்கத்திலேயே நிறைய இருக்கிறார்கள்.

நான் விமானப்படையில் 20 ஆண்டுகள் இருந்தேன். விமானம் ஓட்டியவன் அல்லன். விமானிகளின் ஹெல்மெட், ஆக்ஸிஜன் முகமூடி, பாராசூட் ஆகியவற்றைப் பராமரிக்கும் பிரிவில் வேலை. ஓய்வு பெற்றுப் பாளையங்கோட்டையில் குடியேறிய பிறகு, திருநெல்வேலி டவுனில் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் நண்பரிடம் மாலை வேளைகளில் போய் உட்கார்ந்து, பிரேம் திருத்தும் கைவேலையைக் கற்றுக்கொண்டேன். மேலப்பாளையத்துக்காரர், எல்லாரும் பாய் என்றே கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான். இந்த இரண்டு வேலையையும் பார்த்த பிறகுதான் ஒன்று புரிந்தது. ஹெல்மெட் பொருத்துகிறவருக்குக் கண்ணாடி தெரியாது. கண்ணாடி செய்கிறவருக்கு ஹெல்மெட் தெரியாது. இரண்டும் சந்திக்கும் இடம் காதுக்கு மேலே இரண்டு விரற்கடை அகலம்தான். அந்த இரண்டு விரற்கடையைப் பார்ப்பதற்கு ஆள் இல்லை.

முதலில் அங்கே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். விமானி ஹெல்மெட்டின் இரு பக்கமும் காதை முழுதாக மூடும் கிண்ணம் ஒன்று இருக்கும். அதன் விளிம்பில் ஒரு மெத்தை. அந்த மெத்தை காதைச் சுற்றித் தோலோடு இடைவெளியில்லாமல் ஒட்டினால்தான் கிண்ணம் சத்தத்தைத் தடுக்கும். கண்ணாடிக் கம்பி (உலோகமோ பிளாஸ்டிக்கோ, காதுக்குப் போகும் பகுதியைக் கம்பி என்றே சொல்கிறேன்) அந்த மெத்தைக்கு அடியில் நுழையும்போது மெத்தையைத் தூக்கிவிடுகிறது. கம்பிக்கு மேலும் கீழும் முக்கோணமாக இரண்டு சந்து விழுகிறது. ஓட்டைக் குடம் எவ்வளவு பெரியதாக இருந்து என்ன பயன்? சத்தம் அந்தச் சந்து வழியாக வந்துகொண்டே இருக்கும். இப்படிப்பட்ட சந்தில் முதலில் புகுவது கனத்த, தாழ்ந்த ஒலி. ஹெலிகாப்டரின் சத்தத்தில் பெரும்பங்கு அந்த வகைதான்.

சில டெசிபல்தானே கூடும் என்று நினைக்கக் கூடாது. ஒலியை அளக்கும் டெசிபல் கணக்கு நம் கடைத்தெருக் கணக்கு போன்றது அன்று. 3 டெசிபல் கூடினால் காதில் விழும் ஒலி ஆற்றல் இரட்டிப்பாகிறது. தொழிலாளர் பாதுகாப்புக்காகப் பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு ஒன்று உண்டு: 85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் தாங்கலாம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். கிண்ணத்துக்குள் 85 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கம்பி போட்ட சந்தால் 6 கூடி 91 ஆனால், 8 மணி நேரம் 2 மணி நேரமாகச் சுருங்கிவிடுகிறது. விமானி அதை உணர மாட்டார். பழகிவிட்டது என்றுதான் சொல்வார்.

என் காது அப்படித்தான் போயிற்று. பணிக்காலம் முழுதும் தடித்த கறுப்பு பிளாஸ்டிக் பிரேம் போட்டிருந்தேன். என்ஜின் ஓடும் ஹெலிகாப்டருக்குப் பக்கத்தில் நின்ற நேரமும், வேலையின் பொருட்டு உள்ளே உட்கார்ந்து பறந்த நேரமும் சேர்ந்து எத்தனையோ மணி நேரம். ஊருக்கெல்லாம் ஹெல்மெட் பொருத்திய நான் என் கம்பியைக் கவனிக்கவில்லை. ஓய்வு பெற்று வந்த பிறகு ஓர் ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். "சில்வண்டுச் சத்தம் காதைத் துளைக்கிறது அண்ணா" என்றாள் தங்கை. எனக்கு ஆற்றுச் சத்தம் மட்டும்தான் கேட்டது. அன்று இரவு வீட்டில், அறையில் யாரும் இல்லாதபோது, காதுக்குள் அதே சில்வண்டு. அது இன்றுவரை நிற்கவில்லை. பிறகு காதுப் பரிசோதனை செய்தார்கள். அந்த வரைபடத்தில் 4000 ஹெர்ட்ஸ் என்ற கீச்சு ஒலியின் பக்கத்தில் கோடு பள்ளமாக இறங்கியிருந்தது. இரைச்சலால் கெட்ட காதின் அடையாளம் அந்தப் பள்ளம். 2023 டிசம்பரில் தாமிரபரணி ஊரை மூழ்கடித்தபோது, ஸ்ரீவைகுண்டம் பக்கம் உணவுப் பொட்டலம் போடப் போன ஹெலிகாப்டர்களின் சத்தத்தை மொட்டை மாடியில் நின்று கேட்டேன். அந்தத் தடதடப்பு நன்றாகவே கேட்கிறது. பேரப்பிள்ளை மழலையில் பேசும் ச, ஸ போன்ற மெல்லிய ஒலிகள்தான் கேட்பதில்லை.

ஆகவே வேலையைக் கம்பியில் தொடங்குங்கள். லென்ஸ், நிறம், விலை எல்லாம் பிறகு.

கம்பி மெல்லியதாகவும், தட்டையாகவும், நேராகவும் இருக்க வேண்டும். நாம் சாதாரணமாகப் போடும் கண்ணாடியின் கம்பி காதுக்குப் பின்னால் கொக்கி போல வளைந்து இறங்கும். ஹெல்மெட்டுக்குள் அந்தக் கொக்கி இரண்டு தொல்லை தரும். ஹெல்மெட் போட்ட பிறகு கண்ணாடியை உள்ளே செருக முடியாது. முதலிலேயே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஹெல்மெட்டை இறக்கினால், கிண்ணம் கொக்கியை எலும்போடு வைத்து அழுத்தும். அதனால்தான் விமானிகளுக்கென்றே நேர்க்கம்பிக் கண்ணாடி வந்தது. அமெரிக்க விமானப்படைக்காக அமெரிக்கன் ஆப்டிகல் நிறுவனம் 1958-ல் செய்த கறுப்புக் கண்ணாடியில் கம்பி துப்பாக்கிமுனைக் கத்தி போல நேராக ஓடும். ஹெல்மெட்டையும் முகமூடியையும் கழற்றாமலே செருகவும் உருவவும் முடியும். இன்றைக்கும் 'பேயனெட்' கம்பி என்று கேட்டால் அந்த வகைப் பிரேம் கிடைக்கும். காதைக் கொக்கி பிடிக்காதபோது கண்ணாடி எப்படி நிற்கும் என்று கேட்பீர்கள். கிண்ணத்தின் மெத்தையே பிடித்துக்கொள்ளும்.

கடையில் அந்த வகை கிடைக்கவில்லை என்றால் மனம் தளர வேண்டாம். என் மருமகளுக்கு அவளிடம் இருந்த மெல்லிய உலோகப் பிரேமையே திருத்திக்கொடுத்தோம். முதலில் கம்பியின் நுனியில் இருந்த பிளாஸ்டிக் உறையின் வளைவை நிமிர்த்த வேண்டும். பாய் கடையில் பழைய முறை இன்னும் இருக்கிறது: ஒரு தட்டில் உப்பைச் சூடாக்கி, அதற்குள் கம்பி நுனியைப் புதைத்து வைப்பார். உப்பு எல்லாப் பக்கமும் ஒரே சீராகச் சூட்டைக் கொடுக்கும். நெருப்பில் காட்டினால் கொப்புளம் வரும். அரை நிமிடம் கழித்து எடுத்து, இரண்டு கட்டைவிரலுக்கும் நடுவே வைத்து மெதுவாக நிமிர்த்தினார். முழுக்க நிமிர்த்தவில்லை. நுனி தலையோட்டின் வளைவுக்கு ஏற்ப உள்பக்கமாக ஒரு நெல்மணி அளவு சாய்ந்திருக்கும்படி விட்டார். கீழ்நோக்கிய வளைவு துளியும் இல்லை. பிறகு நுனி உறை தடித்திருந்ததால் அதையும் கழற்றி, மெல்லிய உறையாக மாற்றினார். கம்பி நுனியின் கூர்மையைத் தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாளால் மழுக்கினார். தலையில் உரசும் பொருள், பிசிறு இருக்கக் கூடாது.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். திருத்தம் கண்ணாடியில் மட்டும்தான். ஹெல்மெட்டின் மெத்தையில் கம்பிக்காகப் பள்ளம் வெட்டுவது, உள்ளே இருக்கும் பஞ்சைச் சுரண்டுவது போன்ற வேலையைச் சிலர் பிளேடால் செய்து பார்த்திருக்கிறேன். வேண்டாம். அந்த மெத்தை போனால் சத்தம் மட்டும் இல்லை, விழும்போது தலையைக் காக்கும் ஏற்பாடும் கெடும். கிண்ணத்துக்குப் பின்னால் அழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒட்டுத்துணி (வெல்க்ரோ) தடிப்புகள் இருக்கும்; அவற்றை உங்கள் ஹெல்மெட்டைப் பராமரிக்கும் ஆளிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். பஞ்சு மெத்தைக்குப் பதிலாக ஜெல் நிரப்பிய மெத்தை உங்கள் ஹெல்மெட்டுக்கு அனுமதிக்கப்பட்டிருந்தால் அதைக் கேட்டு வாங்குங்கள். ஜெல் கம்பியைச் சுற்றி வழிந்து சந்தை அடைக்கும். ஹெல்மெட் பொருத்தப் போகும் நாளில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போய் உட்காருங்கள். நான் பார்த்தவர்களில் பத்தில் எட்டுப் பேர் அன்று கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டுத்தான் உட்காருவார்கள்.

சந்து அடைந்ததா என்று வீட்டிலேயே பார்க்கலாம். நான் இரண்டு சோதனை வைத்திருக்கிறேன்.

முதல் சோதனைக்கு ஒரு பஸ் டிக்கெட் போதும். ஹெல்மெட்டும் கண்ணாடியும் போட்டு, மோவாய் வாரை இறுக்கிய பிறகு, வேறொருவர் அந்தத் தாளின் நுனியைக் கம்பியின் மேல்விளிம்பை ஒட்டி மெத்தைக்கு அடியில் தள்ளிப் பார்க்க வேண்டும். தாள் மடங்கி நின்றால் மெத்தை ஒட்டியிருக்கிறது. வழுக்கிக்கொண்டு உள்ளே போனால் சந்து இருக்கிறது. கம்பியின் கீழ்விளிம்பிலும் அப்படியே. மருமகளின் பழைய கண்ணாடியோடு பார்த்தபோது பாபநாசம் பஸ் டிக்கெட் பாதிக்கு மேல் உள்ளே போய்விட்டது. அவள் நிலைக்கண்ணாடியில் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை.

இரண்டாவது சோதனைக்குத் தங்கை வீட்டு மாவரைக்கும் கிரைண்டரைப் பயன்படுத்தினேன். உளுந்து போட்டு ஓடவிட்டு, பக்கத்தில் நாற்காலியில் உட்காரச் சொன்னேன். முதலில் கண்ணாடி இல்லாமல் ஹெல்மெட் மட்டும். கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கடகடப்பைக் கேட்க வேண்டும். பிறகு கண்ணாடியைச் செருகிக்கொண்டு மறுபடியும். கம்பி நுழையும் அந்தக் கணத்தில் அடிக்குரல் கூடினால் காது உடனே சொல்லிவிடும். பிறகு விரலால் கிண்ணத்தை வெளியிலிருந்து மெல்ல அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போது சத்தம் சட்டென்று குறைந்தால் சந்து இன்னும் இருக்கிறது என்று பொருள். திருத்திய கம்பியோடு அவள் இப்படிச் செய்தபோது அழுத்துவதற்கு முன்னும் பின்னும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. "இத்தனை நாள் நான் எதைக் கேட்டுக்கொண்டு பறந்தேன் மாமா?" என்றாள்.

இதற்கும் மேலே ஒரு காப்பு உண்டு. கிண்ணத்துக்கு அடியில், காதுத் துளையில் நுரைப்பஞ்சு (ஃபோம்) அடைப்பான் வைத்துக்கொள்ளலாம். வானொலிப் பேச்சைத் தெளிவாகக் கேட்க முடிகிறதா என்று தரையிலேயே சரிபார்த்த பிறகு மட்டும். அடைப்பானுக்குள்ளேயே சிறு ஒலிபெருக்கி வைத்த வகையும் இருக்கிறது. உங்கள் ஹெல்மெட்டுக்கு அனுமதி உண்டா என்று கேளுங்கள்.

வலிக்கான சோதனை வேறு. அதற்குப் பொறுமை வேண்டும். ஹெல்மெட்டும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் வீட்டில் உட்கார வேண்டும். ஐந்து நிமிடத்தில் எல்லா ஹெல்மெட்டும் சுகமாகத்தான் இருக்கும். இருபது நிமிடத்தில்தான் உண்மை தெரியும். வலி வந்த இடத்தைச் சாந்துப் பொட்டால் குறித்து வையுங்கள். கழற்றிய பிறகு நினைவில் இருக்காது. குறி கம்பியின் மேல் விழுந்தால் கம்பியைத் திருத்த வேண்டும். நெற்றியிலோ உச்சியிலோ விழுந்தால் அது ஹெல்மெட்டின் உள்மெத்தை விவகாரம், கண்ணாடியோடு சேர்க்காதீர்கள். மூக்கில் விழுந்தால், மூக்கின்மேல் உட்காரும் சிறு பட்டைகளை விரித்து எடையைப் பரப்ப வேண்டும். ஆக்ஸிஜன் முகமூடி அணிபவர்கள் முகமூடியையும் போட்டுப் பார்க்க வேண்டும். மூக்குத்தண்டில் முகமூடியின் மேல்விளிம்பும் கண்ணாடியும் ஒரே இடத்துக்குப் போட்டி போடும். கண்ணாடி மேலே தள்ளப்பட்டால் லென்ஸின் மையம் கண்ணை விட்டு விலகும். பவர் அதிகமாக உள்ளவர்களுக்கு அது தலைவலியாகத் தெரியும்.

அணியும் முறை ஒரு வரிசையில் வர வேண்டும். வாரைத் தளர்த்தி, இரண்டு கிண்ணத்தையும் இரண்டு கையால் வெளியே விரித்து, ஹெல்மெட்டைத் தலையில் இறக்குங்கள். காதுமடல் மடங்காமல் கிண்ணத்துக்குள் முழுதாக உட்கார்ந்ததா என்று தலையை லேசாக அசைத்துப் பாருங்கள். வாரை மாட்டுங்கள். அதன் பிறகுதான் கண்ணாடி. இரண்டு கம்பியையும் இரண்டு கையால் பிடித்து, தரைக்கு இணையாக, காதுமடலுக்கு மேலே ஒரே நேரத்தில் செருக வேண்டும். ஒரு கையால் ஒரு பக்கமாகச் செருகினால் கீல் தளர்ந்து பிரேம் கோணிப்போகும். கழற்றும்போது முதலில் கண்ணாடி, பிறகு வார், பிறகு ஹெல்மெட். அவசரத்தில் கண்ணாடியோடு ஹெல்மெட்டைக் கழற்றி, பிரேமை உடைத்தவர்களும் முகத்தில் கீறல் வாங்கியவர்களும் எத்தனையோ பேர்.

முடியும் சந்து உண்டாக்கும். கம்பியைச் சுற்றி முடிக்கற்றை சிக்கினால் தாள் சோதனையில் தோற்றுவிடும். மருமகள் முடியைப் பின்கழுத்தில் தாழ்வாகக் கொண்டை போட்டு, காதோர முடியை முழுதும் பின்னுக்குத் தள்ளி ஒதுக்கிக்கொள்கிறாள். கம்மலும் அப்படித்தான். மெத்தைக்கு அடியில் கம்மல் இருந்தால் மணிக்கணக்கில் அது காதை நசுக்கும். "பெண்பிள்ளை காது மூளியாக இருக்கலாமா?" என்று என் தங்கை வருத்தப்பட்டாள். பறக்கும் நேரத்துக்கு மட்டும்தான் என்று சமாதானம் சொன்னேன். தரையிறங்கியதும் போட்டுக்கொள்ளட்டும்.

இனி லென்ஸ். கண்ணாடி என்று பெயர் இருந்தாலும் உண்மையான கண்ணாடியில் செய்த லென்ஸ் வேண்டாம். கனம் அதிகம், உடைந்தால் சில்லு. பாலிகார்பனேட் லென்ஸ் கேளுங்கள். அடி தாங்கும், எடை குறைவு. ஆனால் கீறல் எளிதில் விழும் என்பதால் மேலே கடினப் பூச்சு வேண்டும். லென்ஸ் அகலமாக, கன்னம்வரை தொங்க வேண்டாம். வைசரை, அதாவது ஹெல்மெட்டின் முன்னால் கண்ணை மறைத்து இறங்கும் திரையை, முழுதாக இறக்கிப் பாருங்கள். அதன் உட்பக்கம் பிரேமை எங்கேயும் தொடக் கூடாது. தொட்டால் அதிர்வில் இரண்டும் உரசி இரண்டிலும் கீறல் விழும், வைசரும் முழுதாக இறங்காமல் நிற்கும்.

கண்ணாடி போட்டிருக்கிறேனே, வைசர் எதற்கு என்று நினைப்பவர்களுக்குக் கூந்தன்குளத்தைக் காட்டுவேன். நாங்குநேரிப் பக்கம் அந்தக் குளத்தில் கூழைக்கடாக்கள் வெயில் ஏறியதும் வட்டமிட்டுக்கொண்டே உயரே போவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒவ்வொன்றும் எத்தனை கனம் என்று. அப்படி ஒன்று முன்கண்ணாடியை உடைத்துக்கொண்டு வந்தால் உங்கள் மூக்குக் கண்ணாடி எதையும் தடுக்காது. பறக்கும்போது வைசர் இறங்கியே இருக்கட்டும். பகலில் கறுப்பு, இரவில் நிறமற்றது.

இங்கேதான் கூலிங் கிளாஸ் போடுபவர்கள் தவறு செய்கிறார்கள். கறுப்பு வைசரையும் இறக்கிக் கறுப்புக் கண்ணாடியையும் போட்டால் கணக்கு என்ன ஆகும்? வைசர் 15 சதவீத ஒளியை உள்ளே விடுகிறது, கண்ணாடி 20 சதவீதத்தை விடுகிறது என்றால், இரண்டும் சேர்ந்து 3 சதவீதம்தான் கண்ணுக்கு வரும். மேகத்துக்குள் நுழைந்தாலோ, மலைநிழலில் இறங்கினாலோ கருவிப் பலகை இருட்டாகிவிடும். ஒன்று போதும். நிறமற்ற பவர் கண்ணாடி, அதன் மேல் கறுப்பு வைசர் என்பதே என் அறிவுரை. வைசரை மேலே தள்ள ஒரு நொடி போதும். கண்ணாடியைக் கழற்றினால் பவரும் போய்விடுகிறது.

கறுப்புக் கண்ணாடிதான் வேண்டும் என்பவர்கள் நிறத்தில் சாம்பலைத் தேர்ந்தெடுங்கள். எச்சரிக்கை விளக்கின் சிவப்பும் மஞ்சளும் பச்சையும் மாறாமல் தெரியும். ஒளியில் 15 முதல் 30 சதவீதம்வரை உள்ளே விடும் லென்ஸ் விமானிகளுக்கு ஏற்றது. போலராய்டு லென்ஸ் வேண்டவே வேண்டாம். தூத்துக்குடி உப்பளத்து வழியில் பைக் ஓட்டும்போது அது கண்ணுக்குக் குளிர்ச்சிதான், மறுக்கவில்லை. ஆனால் விமானத்தில் கருவித் திரைகள் சில கோணங்களில் அப்படியே கறுத்துப்போகும். முன்கண்ணாடியில் வானவில் போலத் திட்டுத்திட்டாகக் கோலம் தெரியும். எதிரே வரும் விமானத்தின் இறக்கையில் பட்டு மின்னும் வெயிலையும் அது அழித்துவிடும். அந்த மின்னல்தான் பல நேரம் நமக்கு முதல் எச்சரிக்கை. உங்களிடம் இருப்பது போலராய்டா என்று தெரியவில்லை என்றால், அதைப் போட்டுக்கொண்டு செல்போன் திரையைப் பார்த்துப் போனை மெல்லச் சுழற்றுங்கள். திரை ஒரு கோணத்தில் இருண்டால் போலராய்டு. வெயிலில் தானாகக் கறுக்கும் லென்ஸும் பயன் தராது. அது புற ஊதாக் கதிர் பட்டால்தான் கறுக்கும். விமானத்தின் முன்கண்ணாடி அந்தக் கதிரில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். வெக்கையில் அது சரியாகக் கறுக்காது என்பதும் உண்டு. சித்திரை வெயிலில் நம் ஊர்த் தெருவிலேயே பார்க்கலாம்.

வெள்ளெழுத்து வந்தவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். மருமகளோடு பறக்கும் மூத்த கேப்டன், வயது 47, அவள் சொல்லி என்னைத் தேடி வந்தார். ஊரில் எல்லாரும் போடும் புரோகிரசிவ் லென்ஸ் (மேலே தூரப் பார்வை, கீழே போகப் போகக் கிட்டப் பார்வை) போட்டிருந்தார். கருவிப் பலகையைப் படிக்க மோவாயைத் தூக்க வேண்டியிருக்கிறது, தலையில் ஒன்றரைக் கிலோ ஹெல்மெட். ஒரு நாள் பறந்தால் மூன்று நாள் கழுத்து வலி என்றார். நான் அவரிடம் ஒரு நூலைக் கொடுத்து, அடுத்த முறை தரையில் நிற்கும் ஹெலிகாப்டரில் ஹெல்மெட்டோடு உட்கார்ந்து அளந்துகொண்டு வரச் சொன்னேன். கண்ணிலிருந்து கருவிப் பலகைவரை ஒரு முடிச்சு, தொடையில் கட்டும் குறிப்புப் பலகைவரை ஒரு முடிச்சு, தலைக்கு மேலே இருக்கும் சுவிட்சுப் பலகைவரை ஒரு முடிச்சு. அடுத்த மாதம் சட்டைப் பையிலிருந்து அந்த நூலை எடுத்துப் பாய் மேசைமேல் நீட்டினார். பலகை 75 சென்டிமீட்டர், தொடை 55, தலைக்கு மேல் 45. கண் மருத்துவரிடம் அந்த நூலோடு போனார். கீழே ஒரு பகுதி, மேலே ஒரு பகுதி, நடுவே தூரப் பார்வை என்று வைத்து லென்ஸ் எழுதிக்கொடுத்தார்கள். படிக்கும் புத்தகத்தின் தூரத்துக்கு எழுதிய பவர் விமானத்தில் உதவாது என்பதை அந்த நூல்தான் மருத்துவருக்குக் காட்டியது. முழு லென்ஸும் படிக்கும் பவராக உள்ள கண்ணாடி விமானிக்கு ஆகாது, தூரம் மங்கிவிடும். ஒரு கண்ணுக்குத் தூரம், மறு கண்ணுக்குக் கிட்டம் என்று போடும் கான்டாக்ட் லென்ஸும் அப்படியே. எந்த மாற்றமானாலும் உங்களுக்கு மருத்துவச் சான்று தரும் மருத்துவரிடம் காட்டிவிட்டுப் பறங்கள்.

கண்ணாடி போட்டால்தான் பார்வை தேறும் என்று சான்றில் எழுதியிருந்தால், மாற்றுக் கண்ணாடி ஒன்று கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. இதை எல்லாரும் வைத்திருக்கிறார்கள். ஆனால் என்ன வைத்திருக்கிறார்கள்? மூன்று வருடத்துக்கு முந்தைய பவர், கொக்கிக் கம்பி, தடித்த பிரேம். பறக்கும்போது முதல் கண்ணாடி உடைந்தால் அந்தக் கொக்கி ஹெல்மெட்டுக்குள் நுழையவே நுழையாது. மாற்றுக் கண்ணாடியும் அதே பவரில், அதே நேர்க்கம்பியில் இருக்கட்டும். கெட்டிப் பெட்டியில் போட்டு, உட்கார்ந்த நிலையில் கை எட்டும் பையில் வையுங்கள். மருமகளை இருட்டு அறையில் கண்ணை மூடிக்கொண்டு அதை எடுத்து மாட்டிப் பழகச் சொன்னேன். ஐந்தாம் முறை ஒன்பது நொடியில் மாட்டினாள்.

பராமரிப்பில் அதிகம் இல்லை. அதிர்வில் கீல் திருகுகள் தளரும். பறக்கும் முன் கம்பியை ஆட்டிப் பாருங்கள், தளர்ந்திருந்தால் கண்ணாடிக் கடையில் திருகு பிடிக்கும் பசை ஒரு சொட்டு விடச் சொல்லுங்கள். வியர்வையும் கடற்காற்றின் உப்பும் லென்ஸில் படிந்திருக்கும்போது வேட்டி முனையாலோ துப்பட்டாவாலோ துடைக்காதீர்கள். உப்பு மணல் போல அரைக்கும். முதலில் தண்ணீரில் அலசி, சோப்பு நீர் ஒரு சொட்டு விட்டு விரலால் தேய்த்து, மறுபடி அலசி, மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். மூக்குப் பட்டைகளையும் அப்போதே கழுவுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் கண்ணாடி வழுக்கி இறங்கும். ஹெல்மெட்டுக்குள் வியர்வை உறிஞ்சும் பருத்திக் குல்லாய் போடுவோர் அதன் விளிம்பு கம்பிக்கு மேலேயே நிற்கும்படி இழுத்துவிட வேண்டும். துணி மடிப்பு மெத்தைக்கு அடியில் போனால் அதுவும் ஒரு சந்து.

விடுமுறை முடிந்து நெல்லை எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட ஜங்ஷனுக்குப் போயிருந்தேன். பெட்டியில் ஏறியதும் மருமகள் கண்ணாடியைக் கழற்றி ஹெல்மெட்டுக்குள் போட்டுப் பையைக் கட்டப் போனாள். எடுக்கச் சொன்னேன். வண்டி குலுங்கும் குலுக்கலில் ஹெல்மெட்டின் உள்விளிம்பு கம்பியை வளைத்துவிடும். ஊர் போய்ச் சேர்வதற்குள் உப்புத் தட்டில் நிமிர்த்திய வேலை எல்லாம் வீண். கெட்டிப் பெட்டியில் வைத்துத் தனியாக எடுத்துச் செல்லுங்கள். வழியில் எங்காவது கம்பி வளைந்துபோயிருந்தால், கையால் நிமிர்த்தப் பார்க்காமல், பறப்பதற்கு முன் ஒரு பஸ் டிக்கெட்டை எடுத்து மறுபடியும் சோதித்துவிடுங்கள்.